மன்னரின் ஆணையும் மே கம்பமும்

மக்களின் பழைய வழக்கங்களைத் திருச்சபை எவ்வாறு நோக்க வேண்டும் என்னும் வினா, ஆயர்பணியில் ஈடுபட்டுள்ள எவரும் ஒதுக்கிச் செல்ல முடியாததாகும். வழக்கத்தை ஒழிப்பதா, பொறுத்துக்கொள்வதா, புதுப்பொருள் தந்து ஏற்பதா என்னும் மூவகை விடைகளும் வழங்கப்பட்டு வந்துள்ளன. இவ்வினாவைக் கொள்கை அளவில் மட்டும் ஆராயாமல், வரலாற்றில் நிகழ்ந்த ஒரு தொடர் நிகழ்ச்சியின் வாயிலாக ஆராய்வது பயன் தரும். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து நாட்டில், ஊர்நடுவே நாட்டப்பட்ட ஒரு மரக் கம்பத்தைக் குறித்து மன்னரும் பாராளுமன்றமும் குருமாரும் பொதுமக்களும் கொண்ட பூசலை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். பார்வைக்கு இது சிறு பொருளே. ஆயினும் பிரசங்க பீடம் யாருக்குரியது, உழைப்போரின் ஓய்வு யார் தரும் கொடை என்னும் பெரிய வினாக்கள் அச்சிறு பொருளினுள் அடங்கியுள்ளன.

1. ஆலயத்தினும் உயர்ந்த கம்பம்

மே மாத முதல் நாளிலும் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டிய நாட்களிலும், நெடிய மரமொன்றைக் காட்டிலிருந்து கொணர்ந்து, தழைகளாலும் மலர்களாலும் அழகுபடுத்தி, ஊர்ப் பொதுவிடத்தில் நாட்டி, அதனைச் சூழ்ந்து ஆடிப் பாடுவது ஆங்கில மக்களின் வழக்கமாயிருந்தது. இதுவே மே கம்பம். கால்களில் சிறு மணிகளைக் கட்டிக்கொண்டு ஆடும் மோரிஸ் நடனமும் இக்காலங்களில் நடைபெறும். ஆலயத்தின் மண் தரையில் பரப்புவதற்கான கோரைப் புல்லைப் பெண்கள் ஊர்வலமாக எடுத்துச் செல்வர். ஆலயக் கண்காணிப்பாளர்கள் பார்லி மது வடித்து விருந்து நடத்தி, அதில் சேரும் பணத்தை ஆலயப் பழுதுபார்ப்புக்கும் சேகரத்தின் பிற செலவுகளுக்கும் பயன்படுத்துவர். எனவே இவ்வழக்கங்கள் திருச்சபைக்குப் புறம்பே நின்றவை அல்ல. சேகரத்தின் வரவு செலவுக் கணக்கிலேயே அவை இடம்பெற்றிருந்தன.

இவையாவும் கிறிஸ்தவத்திற்கு முற்பட்ட சமயங்களின் எச்சங்கள் என்று பலர் எழுதியுள்ளனர். ஆனால் வரலாற்றாசிரியர் ரானல்ட் ஹட்டன், சேகரங்களின் பழைய கணக்கேடுகளை விரிவாக ஆராய்ந்து 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இவற்றுள் பல பிற்கால இடைக்காலத்திலேயே தோன்றி வளர்ந்தவை என்று காட்டியுள்ளார். மோரிஸ் நடனத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆங்கிலக் குறிப்பு 1448-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதுவும் ஒரு சிற்றூரைப் பற்றியதன்று, லண்டன் பொற்கொல்லர் சங்கம் நடனக்காரர்களுக்குக் கொடுத்த கூலியைப் பற்றியதாகும். செல்வர் அவைகளிலும் அரசவையிலும் வழங்கிய ஆட்டம் பின்னர் ஊர்ப்புறங்களுக்குச் சென்றது. 1515-ஆம் ஆண்டு மே நாளில் எட்டாம் ஹென்றி மன்னரும் அரசி கேதரினும் லண்டனுக்கு அருகிலுள்ள ஷூட்டர்ஸ் குன்றுக்குச் சென்றபோது, ராபின் ஹுட் வேடம் பூண்ட வில்லாளர்கள் அவர்களை எதிர்கொண்டு விருந்தளித்தனர். அரசரும் குடிகளும் ஒரே விளையாட்டில் கலந்த காலம் அது.

ஆயினும் அவ்வழக்கங்கள் மாசற்றவை என்று கொள்வதும் தவறாகும். லண்டன் மாநகரில் தூய அந்திரேயா ஆலயத்தின் முன் ஆண்டுதோறும் நாட்டப்பட்ட கம்பம், அவ்வாலயத்தின் கோபுரத்தையும் மிஞ்சி நின்றது. அதனாலேயே அவ்வாலயம் ‘கம்பத்தின் கீழுள்ள அந்திரேயா ஆலயம்’ என்னும் பொருள்படும் பெயரைப் பெற்றது. 1517-ஆம் ஆண்டு மே நாளை ஒட்டி, நகரத்துத் தொழில் பயிலும் இளைஞர்களும் பிறரும் திரண்டு அயல்நாட்டுக் குடியேறிகளின் வீடுகளைத் தாக்கினர். ‘தீய மே நாள்’ என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. அதன் பின்னர் அக்கம்பம் நாட்டப்படவில்லை. தெருவிலிருந்த வீடுகளின் வாயில்களுக்கு மேல் கொக்கிகளில் கிடத்தப்பட்டு முப்பத்திரண்டு ஆண்டுகள் கிடந்தது. ஆறாம் எட்வர்ட் மன்னரின் காலத்தில், 1549-ஆம் ஆண்டில், அருகிலுள்ள சேகரத்தின் உதவிக் குரு ஒருவர் தூய பவுல் ஆலயச் சிலுவைத் திடலில் நிகழ்த்திய அருளுரையில், அக்கம்பம் ஒரு விக்கிரகமே என்று முழங்கினார். அன்று பிற்பகலில் மக்கள் அதனைக் கீழே இறக்கி, தத்தம் வாயிலின் மேல் கிடந்த அளவை அறுத்துப் பங்கிட்டு எரித்துவிட்டனர். லண்டன் நகர வரலாற்றை எழுதிய ஜான் ஸ்டோ இதனைப் பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அக்குரு கண்டித்தது மரத்தை. அயலாரைத் தாக்கத் துணிந்த பகையன்றோ அதனினும் பெரிய கேடு? அப்பகையைப் பற்றி அவர் பேசியதாக ஸ்டோவின் ஏட்டில் குறிப்பில்லை.

2. மன்னர் கட்டளையிட்ட மகிழ்ச்சி

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், திருச்சபையை இன்னும் தூய்மைப்படுத்த வேண்டும் என்று விரும்பிய பியூரிட்டன்கள், கர்த்தருடைய நாளை முழுவதும் ஆராதனைக்கும் தியானத்திற்கும் உரியதாக்க முயன்றனர். 1595-ஆம் ஆண்டில் நிக்கலஸ் பவுண்ட் என்னும் குரு ஓய்வுநாளைப் பற்றி வெளியிட்ட நூல் இக்கருத்தை விரிவாக நிலைநாட்டியது. பல ஊர்களில் நீதிபதிகள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைத் தடை செய்யத் தொடங்கினர்.

1617-ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஸ்காட்லாந்திலிருந்து திரும்பும் வழியில் லங்காஷயர் பகுதியில் தங்கியபோது, நீதியான விளையாட்டுகளும் தமக்கு மறுக்கப்படுகின்றன என்று மக்கள் அவரிடம் முறையிட்டனர். மன்னர் அப்பகுதிக்கென ஓர் அறிக்கை வெளியிட்டார். மறு ஆண்டு, 1618-இல், அதனை நாடு முழுவதற்கும் விரிவாக்கினார். ‘விளையாட்டுப் புத்தகம்’ என்று மக்கள் வழங்கிய அறிக்கை இதுவே.

அவ்வறிக்கையின் உள்ளடக்கம் நுணுகி நோக்கத்தக்கது. ஞாயிற்றுக்கிழமையில் ஆராதனை முடிந்த பின்னர் நடனம், வில்வித்தை, தாண்டுதல், மே விளையாட்டுகள், மோரிஸ் நடனம், மே கம்பம் நாட்டுதல் ஆகியவற்றை எவரும் தடுத்தலாகாது. பெண்கள் வழக்கம்போல் கோரைப் புல்லை ஆலயத்திற்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் கரடிகளையும் காளைகளையும் கட்டி வைத்து நாய்களை ஏவும் கொடிய விளையாட்டு அந்நாளில் கூடாது. ஆராதனைக்கு வராதவர்களுக்கு இவ்வுரிமை எதுவும் இல்லை.

மன்னர் கூறிய காரணங்கள் மூன்று. நேர்மையான மகிழ்ச்சிக்கும் இடமளிக்காத சமயம் இது என்று மக்கள் எண்ணினால் கத்தோலிக்கர் சீர்திருத்தச் சபைக்கு வரமாட்டார்கள் என்பது முதலாவது. உடற்பயிற்சி இல்லாத மக்கள் போருக்குப் பயன்படமாட்டார்கள் என்பது இரண்டாவது. விளையாட்டைத் தடுத்தால் அவர்கள் மதுக்கடைகளில் கூடிக் குடித்து அரசைக் குறை கூறுவார்கள் என்பது மூன்றாவது. இவற்றோடு ஒரு கேள்வியையும் அவர் எழுப்பினார்: வார நாட்களெல்லாம் வயிற்றுப் பிழைப்புக்காக உழைக்கும் ஏழை மக்கள், ஞாயிற்றுக்கிழமையிலும் திருநாட்களிலும் விளையாடக் கூடாதென்றால் வேறு எந்நாளில் விளையாடுவது?

இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. உபாகமம் 5:14-இல் ஓய்வுநாள் கட்டளை, வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்பதையே காரணமாகக் காட்டுகிறது. எனினும் மன்னரின் மற்றக் காரணங்களையும் சேர்த்து நோக்கும்போது, ஏழையின் இளைப்பாறுதலைவிடப் படைவலிமையும் குடிகளின் கீழ்ப்படிதலுமே அவருக்கு முதன்மையாயிருந்தன என்று எண்ண இடமுண்டு.

அறிக்கையை ஆலயங்களில் வாசிக்க வேண்டும் என்ற ஏற்பாடு கடும் எதிர்ப்பை எழுப்பியது. தலைமைப் பேராயர் ஜார்ஜ் ஆபட்டே தாம் இருந்த குராய்டனில் அதனை வாசிக்க விடவில்லை என்பர். ஜேம்ஸ் மன்னர் சூழ்நிலையை உணர்ந்து அதனை வற்புறுத்தாமல் விட்டுவிட்டார்.

3. பிரசங்க பீடத்திற்கு வந்த சோதனை

அவருடைய மகன் முதலாம் சார்லஸ் அத்தகைய எச்சரிக்கை உடையவரல்லர். சாமர்செட் பகுதியில் ஆலய மது விருந்துகளால் குழப்பம் விளைகிறதென்று தலைமை நீதிபதி தாமஸ் ரிச்சர்ட்சன் அவற்றைத் தடை செய்து, அத்தடையை ஆலயங்களில் வாசிக்கவும் செய்தார். குருமாருக்குக் கட்டளையிட நீதிபதிக்கு ஏது அதிகாரம் என்று வில்லியம் லாட் சினந்தார். தடை நீக்கப்பட்டது. பாத்-வெல்ஸ் பேராயர் பியர்ஸ், தம் பேராயத்தின் குருமார் எழுபத்திரண்டு பேரிடம் கருத்துக் கேட்டு, இவ்விருந்துகள் ஊராரிடையே ஒற்றுமையை வளர்க்கின்றன, பகைத்தவர் ஒப்புரவாக வாய்ப்பளிக்கின்றன என்று அறிக்கை அனுப்பினார். 1633 அக்டோபர் மாதத்தில் சார்லஸ் மன்னர் தம் தந்தையின் விளையாட்டு அறிக்கையை மீண்டும் வெளியிட்டார். லாட் அப்போது தலைமைப் பேராயராகியிருந்தார்.

இம்முறை அறிக்கையை வாசிப்பது குருமாரின் கீழ்ப்படிதலை அளக்கும் கோலாயிற்று. வாசிக்க மறுத்தவர்களுள் பலர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டனர். சிலர் வேறொருவரைக் கொண்டு வாசிக்கச் செய்தனர். ஒரு குரு அறிக்கையை வாசித்து முடித்தவுடன் பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளுக்குரியதையும் வாசித்து, மனிதனின் கட்டளையையும் கடவுளின் கட்டளையையும் கேட்டீர்கள், விரும்பியதற்குக் கீழ்ப்படியுங்கள் என்னும் பொருள்படச் சபையாரிடம் கூறினார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

இங்கு எழுந்த வினா நடனம் நல்லதா தீயதா என்பது மட்டுமன்று. நடனத்தைத் தீமையாகக் கருதாத குருவும் கேட்க வேண்டியிருந்த வினா வேறொன்று: இறைவார்த்தையை அறிவிக்க ஏற்பட்ட இடத்தில் நின்று, மன்னரின் வாயாக நாம் பேசலாமோ? ரிச்சர்ட்சனும் லாடும் ஒருவரோடொருவர் மோதினர். ஆயினும் பிரசங்க பீடத்தைத் தம் விருப்பத்தை அறிவிக்கும் இடமாக்குவதில் இருவரும் ஒத்திருந்தனர்.

4. பாராளுமன்றம் கட்டளையிட்ட துயரம்

உள்நாட்டுப் போர் மூண்டபின் அதிகாரம் கைமாறியது. 1643 மே மாதத்தில் பாராளுமன்ற ஆணைப்படி விளையாட்டுப் புத்தகம் லண்டன் சீப்சைட் வீதியில் தூக்கிலிடுவோன் கையால் எரிக்கப்பட்டது. 1644 ஏப்ரல் மாத ஆணை, நாட்டிலுள்ள மே கம்பங்கள் அனைத்தையும் வீழ்த்த வேண்டும் என்றும், அவை நிற்கும் வரை ஊர் அலுவலர்கள் வாரந்தோறும் 5 ஷில்லிங் தண்டம் செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. 1647 ஜூன் மாதத்தில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே ஆகிய திருநாட்களின் ஆசரிப்பு நீக்கப்பட்டது.

ஆயினும் திருநாட்களோடு உழைப்போரின் ஓய்வும் மறைகிறது என்பதைப் பாராளுமன்றம் உணராமலில்லை. அதற்கு ஈடாக, ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையும் மாணவருக்கும் தொழில் பயில்வோருக்கும் வேலையாட்களுக்கும் பொழுதுபோக்கு நாளாக வழங்கப்பட்டது. ஜேம்ஸ் மன்னர் கேட்ட கேள்விக்கு அவருடைய பகைவர்கள் அளித்த விடை என இதனைக் கொள்ளலாம். அறிவுக்கு ஒத்த விடைதான். ஆனால் பிறப்பின் மகிழ்ச்சியையும் உயிர்ப்பின் நம்பிக்கையையும் சுமந்த நாட்களின் இடத்தை, மாதத்தின் இரண்டாம் செவ்வாய் எவ்வாறு நிரப்பும்?

அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாளில் கேன்டர்பரி நகரத் தலைவர் கடைகளைத் திறந்து சந்தை நடத்த ஆணையிட்டார். திறந்த சில கடைகளை மக்கள் சூறையாடினர். வாயில்களில் பசுந்தழைகள் தொங்கவிடப்பட்டன. தெருக்களில் பந்து உதைக்கப்பட்டது. நகரத் தலைவரே தாக்கப்பட்டார். கிறிஸ்துவின் பிறப்புக்காக மக்கள் கலவரம் செய்ததும், சபையைத் தூய்மைப்படுத்த எழுந்தவர்கள் அத்திருநாளைக் காவலர்களைக் கொண்டு தடுத்ததும் வருந்தத்தக்க முரண்பாடன்றோ!

5. மீண்டு வந்த மன்னரும் கருவாலித் தழையும்

முதலாம் சார்லஸ் 1649 ஜனவரி 30-ஆம் நாள் தலை துண்டிக்கப்பட்டார். 1651-இல் வூஸ்டர் போரில் தோற்ற அவருடைய மகன், பாஸ்கபல் என்னும் இடத்தில் ஒரு கருவாலி மரத்தின் கிளைகளில் பகல் முழுவதும் ஒளிந்திருந்து உயிர் தப்பினார். அவரே 1660 மே 29-ஆம் நாள், தம் முப்பதாம் பிறந்த நாளில், இரண்டாம் சார்லஸ் மன்னராக லண்டனுக்குள் நுழைந்தார். மே கம்பங்கள் மீண்டும் எழுந்தன. 1661-இல் லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் 134 அடி உயரமுள்ள கம்பம் நாட்டப்பட்டது. அவ்விடத்தில் பின்னர் நின்ற கம்பத்தின் மரத்தை ஐசக் நியூட்டன் பெற்று, ஒரு பெரிய தொலைநோக்கியைத் தாங்குவதற்காக வான்ஸ்டெட் என்னும் ஊருக்கு அனுப்பினார் என்பது சுவையான செய்தியாகும்.

மே 29-ஆம் நாள் சட்டத்தால் நன்றி வழிபாட்டு நாளாக்கப்பட்டது. அதற்குரிய வழிபாட்டு முறை 1662-ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தோடு இணைக்கப்பட்டது. மக்கள் அன்று கருவாலித் தழையை அணிந்தனர். அதே 1662-இல், அப்புத்தகத்திலுள்ள யாவற்றிற்கும் முழு உடன்பாடு தெரிவிக்க இயலாத குருமார் வெளியேற்றப்பட்டனர். 1660-ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால் பணியிழந்தோர் ஏறத்தாழ 2000 பேர். முடியாட்சியின் மகிழ்ச்சி மீண்டும் மனச்சான்றின் மேல் சுமையாக இறங்கியது.

அந்த வழிபாட்டு முறை 1859-இல் நீக்கப்பட்டது. ஆனால் வழக்கம் சில ஊர்களில் நிலைத்துள்ளது. வில்ட்ஷயரிலுள்ள கிரேட் விஷ்ஃபர்ட் ஊரார் மே 29-இல் குரோவ்லி காட்டிலிருந்து பசுங்கிளைகளைக் கொணர்கின்றனர். சாலிஸ்பரி பேராலயத்திற்குச் சென்று நடனமாடி, காட்டின் பெயரைக் கூவித் தம் உரிமையை அறிவிக்கின்றனர். அக்காட்டில் விறகு எடுக்க அவ்வூராருக்கு உள்ள உரிமை 1603-ஆம் ஆண்டின் ஆவணத்தில் உறுதி செய்யப்பட்டதாகும். மன்னரைப் போற்றும் நாளுக்குள் ஏழைகள் தங்கள் அடுப்புக்குரிய உரிமையைப் பாதுகாத்து வைத்துள்ளனர். வழக்கத்தின் புறத்தோற்றத்தை மட்டும் காண்பவருக்கு இது புலப்படாது.

6. பாக்ஸ்டர் தரும் சான்று

இப்பூசலின் இருபுறத்தையும் தம் வாழ்வில் அறிந்தவர் ரிச்சர்ட் பாக்ஸ்டர். 1615-இல் பிறந்த அவர், அவருடைய மரணத்திற்குப் பின் 1696-இல் வெளியான தன் வரலாற்றில் தம் இளமைக்காலத்தை நினைவுகூர்கிறார். அவர்கள் ஊரில் ஞாயிறு ஆராதனை விரைவாக வாசிக்கப்படும். பின்னர் இருட்டும் வரை, அவருடைய தந்தையின் வீட்டுக்கு அருகிலிருந்த கம்பத்தின் கீழ் நடனம் நடைபெறும். குழலும் சிறு பறையும் ஒலிக்க, வீட்டில் திருமறை வாசிப்பது இயலாததாயிற்று. தாமும் ஆட்டக்காரர்களோடு சேர விரும்பியதையும் சில வேளைகளில் சேர்ந்ததையும் பாக்ஸ்டர் மறைக்கவில்லை. ஆனால் ஆட்டத்தில் சேராத தம் தந்தையை ஊரார் பியூரிட்டன் என்று எள்ளியதைக் கேட்டபோது அவருடைய மனம் மாறியது. ஒருவனின் மகிழ்ச்சி மற்றவனின் அமைதியைப் பறிக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

பிற்காலத்தில் கிடர்மின்ஸ்டர் ஊரில் போதகரானபோது அவர் மேற்கொண்ட வழி எத்தகையது? ஏறத்தாழ 800 குடும்பங்கள் கொண்ட அச்சேகரத்தில், வாரத்தின் இரு நாட்களை ஒதுக்கி, அவரும் உதவியாளரும் வாரந்தோறும் 15 குடும்பங்கள் வரை தனித்தனியே சந்தித்து உரையாடிப் போதித்தனர். 1656-இல் வெளியிட்ட போதகர் பணி பற்றிய நூலில் இம்முறையை அவர் விளக்கியுள்ளார். ஞாயிற்றுக்கிழமையில் அவ்வூர்த் தெருக்களில் நடப்பவர் நூறு குடும்பங்கள் சங்கீதம் பாடுவதைக் கேட்கலாம் என்னும் நிலை உருவாயிற்று. இரண்டாம் சார்லஸ் அளிக்க முன்வந்த பேராயர் பதவியை மறுத்த இவரும் 1662-இன் சட்டத்தால் பணியிழந்தவர்களுள் ஒருவர்.

7. நாம் பெறும் தெளிவு

முதலாவது, பிரசங்க பீடத்தை அரசோ கட்சியோ சபையிலுள்ள செல்வாக்குடையோரோ தம் அறிக்கைகளுக்குப் பயன்படுத்த முற்படும்போது, அறிக்கையின் பொருள் நமக்கு உகந்ததா என்று மட்டும் பார்த்து இசைந்துவிடலாகாது. இன்று நமக்கு உகந்ததை வாசிக்கச் செய்யும் கை, நாளை நம் மனச்சான்றுக்கு மாறானதையும் வாசிக்கச் செய்யும்.

இரண்டாவது, ஒரு வழக்கத்தின் தோற்றத்தைக் கொண்டே அதனை மதிப்பிடுதல் போதாது. அது எத்தேவையை நிறைவு செய்கிறது, யாரை உள்ளே சேர்க்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது, என்ன கனியைத் தருகிறது என்று கேட்க வேண்டும். ஆலயத்திற்குக் கோரைப் புல் சுமந்த பெண்ணும், அயலாரின் வீட்டைத் தாக்கிய இளைஞனும் ஒரே மே மாதத்திற்குரியவர்களே. ஆனால் அவர்களின் செயல்கள் ஒன்றல்ல.

மூன்றாவது, மாற்குவின் இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் ஓய்வுநாளை மனிதனின் நலத்திற்கு உரியதென்று காட்டுகிறார். மன்னர் அந்நாளைத் தம் குடிகளின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் கருவியாக்கினார். பாராளுமன்றம் அதனைத் தண்டனையால் காக்க முயன்றது. இருவரும் சட்டத்தால் இயற்ற முயன்ற மாற்றத்தைக் கிடர்மின்ஸ்டரின் போதகர் குடும்பம் குடும்பமாகச் சந்தித்து, ஒவ்வொருவரையும் அறிந்து, பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார்.

நம் சேகரங்களிலும் திருவிழா, திருமணம், அறுவடை, இறப்பு ஆகியவற்றைச் சூழ்ந்த வழக்கங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைக் கண்டித்துப் பேசுமுன், அதனைக் கைக்கொள்ளும் குடும்பத்தின் திண்ணையில் அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்போமாக. அதன் பின்னர் பேச வேண்டியிருப்பின், நம் சொல்லைக் கேட்க அவர்களும் ஆயத்தமாயிருப்பர்.